சுவரில் போட்ட கோடும் இரண்டு ஹெட்லைட்டும்

தேயிலைத் தோட்டத்து வீட்டு முற்றங்களில் கார் வேலை பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் இதை எழுதுகிறேன். நான் இனி ஸ்பேனர் பிடிக்கப்போவதில்லை. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றக் கண்ணுக்குத் தேதி கேட்டிருக்கிறேன். ஊரிலுள்ள கார்களுக்கெல்லாம் கண் வைத்துக் கொடுத்தவனின் நிலைமை இது. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் அதற்கு இடம் குறைவு.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. தேயிலைத் தொழிற்சாலையின் லொறிக் கொட்டிலில் வயர் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகு பொகவந்தலாவைக்கு மேலே என் வீட்டு முற்றத்தில் கார்களுக்கு ஹெட்லைட் கழற்றிப் பூட்டிய காலத்திலும் சரி, ஒரு வண்டி என் கையை விட்டுப் போனதும் எதை மறந்தேன் என்று யோசிக்கத் தொடங்குவேன். கைவேலைக்காரரை இங்கே பாசு என்போம். ஊரில் எனக்கு லைட் பாசு என்று பெயர். வீட்டில் என் மனைவி ராஜேஸ்வரி மட்டும் பயந்த பாசு என்பாள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், இந்தப் பயம் போக என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. அது போகவே கூடாது என்று சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

லொறிக் கொட்டிலில் சேர்ந்த புதிதில் எனக்குப் பயம் கிடையாது. ஒரு கொழுந்து லொறியின் ஹெட்லைட்டைத் திரும்பப் பூட்டும்போது ஒரு வாசர் குறைந்தது. தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு வாசர்தானே என்று போல்ட்டை இறுக்கி அனுப்பிவிட்டேன். அந்த வாரம் முடிவதற்குள், இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு பிராக்கெட்டை விட்டுக் கழன்று, வயரில் தொங்கி, ரோட்டைக் காட்டுவதற்குப் பதிலாக லொறியின் டயரைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாரதி அந்த விளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் போல்ட்டுகளுக்குப் பெரட்டு வைக்கும் பழக்கம் வந்தது. காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு எண்ணி வேலைக்கு அனுப்புவதைத் தோட்டத்தில் பெரட்டு என்கிறோம். ஹெட்லைட்டைக் கழற்றும்போது வரும் ஒவ்வொரு போல்ட்டையும், நட்டையும், வாசரையும், பிளாஸ்டிக் கிளிப்பையும் ராஜேஸ்வரி அரிசி புடைத்த பழைய சொளகில் அதனதன் வரிசையில் நிறுத்துவேன். இடப்பக்கத்து ஆட்கள் இடப்பக்கம், வலப்பக்கத்து ஆட்கள் வலப்பக்கம். பூட்டி முடித்தால் சொளகு காலியாக இருக்க வேண்டும். காலியாகாத வரை கார் முற்றத்தை விட்டு அசையாது. இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இப்போது நான் சொல்லப்போவது, சொளகு முழுக்கக் காலியாக இருந்த ஒரு நாளைப் பற்றி.

செல்வம் எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவன். மூன்று பிள்ளைகள். ஒரு சிறிய காரை வாடகைக்கு ஓட்டுகிறான். அவனுடைய நிரந்தரப் பயணி சரோஜாக்கா. மேல் டிவிஷனில் கொழுந்து எடுத்தவர், இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறவர். மேல் டிவிஷன் வரை பஸ் ஏறாது, வழியிலேயே திரும்பிவிடும். செல்வத்தின் கார் நின்றுபோனால் சரோஜாக்காவும் நின்றுபோவார் என்று லயத்தில் சொல்வார்கள். அது வெறும் பேச்சில்லை.

ஒரு நாள் காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்து அந்தக் காரின் இடது ஹெட்லைட் போய்விட்டது. விளக்கைப் பிடித்திருந்த காதுகள் முறிந்து, உள்ளே பிராக்கெட்டும் வளைந்திருந்தது. ஹட்டனில் பழைய உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அதே மாதிரிக் காரொன்றிலிருந்து கழற்றிய விளக்கைத் தேடிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு செல்வம் என் முற்றத்துக்கு வந்தான். பம்பரைக் கழற்றினோம். பிராக்கெட்டை நிமிர்த்தினேன். வலது விளக்குக்குள்ளும் தண்ணீர் கோத்திருந்ததால் அதையும் இறக்கித் துடைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டையும் பூட்டி, பம்பரையும் ஏற்றிவிட்டேன். வெளிச்சம் விழும் உயரத்தைப் பார்ப்பது மட்டும் பாக்கி.

அதற்கு என்னிடம் ஒரு சுவர் இருந்தது. முற்றத்தின் ஒரு முனையில், மண் சரியாமல் இருக்கக் கட்டிய சிமெந்துச் சுவர். மேலே தகரம் போட்டு, இரண்டு பக்கமும் படங்குச் சாக்குத் தொங்கவிட்டிருந்தேன், பகலிலும் அங்கே இருட்டாக இருக்கும். அந்தச் சுவரில் ஒரு நீலக் கோடு. முற்றம் போட்ட புதிதில் மேசன் வைத்திருந்த தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து நானே போட்டது. செல்வத்தின் காரைப் போன்ற சிறிய கார் என்றால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். எத்தனையோ கார்களை அந்தக் கோட்டை நம்பி அனுப்பியிருக்கிறேன்.

காரைச் சுவருக்கு நேராக நிறுத்தச் சொன்ன நேரத்தில் செல்வத்தின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவனின் முகம் மாறியிருந்தது.

"அண்ணே, சரோஜாக்காவுக்கு மூச்சு வாங்குதாம். படுக்க முடியலையாம், ஒக்காந்தே இருக்காங்களாம். அவங்க மருமக அழுவுறா. நான் போவணும்."

"லைட்ட செவத்துல பாத்துட்டு விட்டுர்றேன். அஞ்சு நிமிசம்."

"வெளிச்சமாத்தானே அண்ணே இருக்கு. வந்து பாத்துக்கலாம்."

"நாலு மணிக்கு இப்படியே இருக்குமா? மூடம் எறங்குனா என்ன பண்ணுவ?"

பனிமூட்டத்தைத்தான் மூடம் என்கிறோம். அவன் ஏறிக் காரைச் சுவருக்கு நேராக நிறுத்தினான். நான் பொறுப்பாக நடந்துகொள்கிறேன் என்று எனக்கு நினைப்பு. அவன் பேச்சைக் கேட்டு அப்படியே விட்டிருந்தால் வலது விளக்காவது சரியாக இருந்திருக்கும்.

விளக்கைப் போட்டான். சுவரில் இரண்டு வெளிச்சமும் நீலக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே விழுந்தன. இடது விளக்கு வேறு காரிலிருந்து வந்தது, அதனால் தாழ்ந்திருக்கிறது என்று எண்ணினேன். வலது விளக்கு பன்றி மோதிய அதிர்ச்சியில் இறங்கியிருக்கும் என்று எண்ணினேன். இரண்டுக்கும் இரண்டு காரணம் கண்டுபிடித்த என் கெட்டிக்காரத்தனத்துக்கு, இரண்டும் எப்படிச் சரியாக ஒரே ஒரு சாண் தாழ்ந்தன என்ற கேள்வி மட்டும் வரவில்லை. பின்னாலிருக்கும் திருகைத் திருப்பி இரண்டையும் கோட்டுக்கு ஏற்றினேன். சொளகைப் பார்த்தேன். காலி. ஒரு வாசர்கூட மிச்சமில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

ராஜேஸ்வரி சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து இரண்டு விளக்குக்கும் பொட்டு வைத்தாள். என் முற்றத்தை விட்டுப் போகிற எந்தக் காருக்கும் அவள் அதைச் செய்யாமல் விடமாட்டாள். செல்வம் மேல் டிவிஷன் ரோட்டில் ஏறிப் போனான். அப்போது வெயில்கூடக் கொஞ்சம் இருந்தது.

கால் மணி நேரம் கழித்து வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர் மலை காணாமல் போயிருந்தது. மூடம் வழக்கம்போலக் கீழேயிருந்து ஏறி, முதலில் தொழிற்சாலையை மறைத்து, பிறகு ரோட்டுக்கு வந்தது. ராஜேஸ்வரி அரிசி கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்னங்க, தண்ணி செவத்துப் பக்கமா ஓடுது."

"ஓடட்டும்."

"முந்தி பின்னாடி கானுக்குத்தானே போவும். இப்ப நேரா செவத்துக்குல்ல போவுது."

கான் என்று அவள் சொன்னது முற்றத்தின் மறுமுனையில் இருக்கும் வடிகாலை. கோப்பையைக் கீழே வைத்தேன். வெள்ளைத் தண்ணீர், கார் நின்றிருந்த இடத்தின் நடுவால், எந்தத் தயக்கமும் இல்லாமல் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

போன மாதத்து மழையில் முற்றத்தின் பின்பக்கம் கரைந்து போயிருந்தது. ஒரு லோட் கிரவல் கொட்டி, மண்வெட்டியால் இழுத்து, கண்ணால் மட்டம் பார்த்து நிரப்பியவன் நான்தான். அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு முன்னால் நின்ற முதல் கார் இதுதான். பின்பக்கம் நான்கு விரல் உயர்ந்துவிட்டது. அந்த உயரத்தில் பின் சக்கரங்கள் ஏறி நின்றதால் காரின் மூக்குத் தாழ்ந்தது. மூக்குத் தாழ்ந்த காரின் வெளிச்சம் சுவரில் கீழேதான் விழும். விளக்குகளில் ஒரு குறையும் இருக்கவில்லை. சரியாக இருந்த இரண்டு விளக்கையும் வானத்தைப் பார்க்கும்படி திருகி, பொட்டும் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

கீழே போய்ச் சமதரையில் ஓடும் ஊர்க்காரருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மூடத்துக்குள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் தாழ்ந்து ரோட்டில் விழுந்தால் பத்தடி பாதையாவது கண்ணில் படும். மேலே போனால் மூடத்தில் பட்டு, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக நிற்கும். மேல் டிவிஷன் ரோடு ஏழு வளைவு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில் நான் ஓடினேன் என்று எழுத ஆசை. ஓடவில்லை. உள்ளே போய் ரசமட்டத்தைத் தேடி எடுத்துவந்து, பலகை போட்டு, அதன் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடியது. பலகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ரசமட்டம் பழையது, அதுவே பிழையாக இருக்கலாம் என்று எண்ணினேன். செல்வத்துக்கு அந்த ரோடு கண்ணை மூடிக்கொண்டு போகும் ரோடு என்று எண்ணினேன். லைட் பாசு விளக்கைத் தப்பாக வைத்துவிட்டான் என்று லயம் முழுக்கத் தெரிந்துவிடுமே என்றும் எண்ணினேன். அந்தக் கடைசி எண்ணம்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது, மற்றவை அதற்குத் துணைக்கு வந்தவை. ஏறக்குறைய பத்து நிமிடம் போயிருக்கும்.

"போன் போட்டீங்களா?" என்றாள் ராஜேஸ்வரி.

போட்டேன். முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் ஒரு பெண் குரல், தொடர்புகொள்ள முடியாது என்றது. இரண்டாவது வளைவுக்கு மேலே டவர் எடுக்காது என்பது எனக்குத் தெரிந்ததுதான். இன்னொரு தடவையும் போட்டேன், நடந்து போவதைத் தள்ளிப்போட அது ஒரு வழி.

பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கினேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் போகும் குறுக்குப்பாதை ஒன்று என் வீட்டுக்குப் பின்னாலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கி, மேல் டிவிஷன் ரோட்டின் கடைசி வளைவில் இருக்கும் போக்குப்பாலத்தில், ஓடைக்கு மேல் போட்ட சிறிய பாலத்தில், முடிகிறது. என் வீட்டுப் பாதையால் ரோட்டுக்குப் போனால் சுற்று அதிகம், கார் எனக்கு முந்திவிடும். செல்வம் சரோஜாக்காவை ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் டவுனுக்குப் போக வேண்டும்.

"முட்டி என்னத்துக்கு ஆவும், மெதுவா போங்க" என்று ராஜேஸ்வரி பின்னாலிருந்து சொன்னாள். சொல்லிவிட்டு அவளே, "மெதுவா போகாதீங்க" என்றாள்.

படிகள் பாசி பிடித்திருந்தன. இரண்டு இடத்தில் வழுக்கி, ஒரு இடத்தில் உட்கார்ந்தே இறங்கினேன். மூன்று செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நான் பயந்தது விழுவதற்கு இல்லை. மேலேயிருந்து ஒரு சத்தம் வந்துவிடுமோ என்று பயந்தேன். தகரம் நசுங்கும் சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியவில்லை, கூர்ந்து கேட்கவும் முடியவில்லை. என் பயத்தைக் கேலி செய்த அத்தனை பேரும் அந்தப் படிகளில் என்னோடு இறங்கியிருக்க வேண்டும்.

பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது கார் இன்னும் வந்திருக்கவில்லை. ரோட்டின் நடுவில் நின்று மேலே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், மேட்டில் நிற்கும் நிழல் மரத்தின் கிளைகளில் வெளிச்சம் பட்டது. ரோட்டில் இல்லை, மரத்தில். கிளைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, அவற்றுக்குக் கீழே எல்லாம் சாம்பல். நான் வைத்த வெளிச்சம் அது. அதைப் பார்த்ததும், நான் நடு ரோட்டில் கையை ஆட்டினாலும் செல்வத்துக்குத் தெரியாது என்று புரிந்தது.

அதே நேரம் கீழேயிருந்து பஸ் ஒன்று முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. பாலத்தில் ஒரு வண்டிதான் போகலாம். மேலேயிருந்து ரோடு தெரியாமல் ஒருவன் வருகிறான். அவனுடைய வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்க, கீழேயிருந்து இன்னொருவர் வருகிறார். நடுவில் நான், கையில் ஒரு ஸ்குரூ டிரைவர்.

என் தொழில் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் எதைப் பற்றியாவது பெருமைப்படலாம் என்றால் அது அடுத்ததுதான், அதையும் பயம்தான் எடுத்துக் கொடுத்தது. என் கால்கள் செல்வத்தின் பக்கம் ஓடத்தான் திரும்பின. அவனுக்குத்தான் ஆபத்து, அவனுக்குத்தான் நான் கடன்பட்டவன். ஆனால் அவனால் என்னைப் பார்க்க முடியாது. பஸ்காரரால் முடியும். பார்க்கக்கூடியவரை நிறுத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழ்ப்பக்கம் திரும்பினேன். செல்வத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எடுத்து வைத்த அந்த ஒவ்வொரு அடியும் தப்பு என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸின் மஞ்சள் விளக்குகள் தாழ்வாக, ஒழுங்காக, ரோட்டைத் தொட்டுக்கொண்டு வந்தன. துவாயை இரண்டு கையாலும் விரித்து ஆட்டினேன். பிரேக் கத்த, பஸ் நின்றது. சாரதி ஜன்னலால் தலையை நீட்டி, சாக வேறு இடம் கிடைக்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மேலேயிருந்து ஒரு கார் வருகிறது, அதற்கு ரோடு தெரியாது, உள்ளே நோயாளி இருக்கிறார், விளக்கைத் தப்பாக வைத்தவன் நான். தயவுசெய்து ஹோர்னை அழுத்துங்கள், விடாதீர்கள்.

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. உள்ளங்கையை ஹோர்னில் வைத்து அழுத்தினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது, அவர் கையை எடுக்கவில்லை. நான் மேலே பார்த்தபடி நின்றேன். கிளைகளில் நகர்ந்துகொண்டிருந்த வெளிச்சம் அசையாமல் போனது. கார் நின்றதா, விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

சாரதி கையை எடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு மேலேயிருந்து சின்னதாக இரண்டு தடவை ஹோர்ன் கேட்டது. அது செல்வத்தின் காருடைய ஹோர்ன்.

கண்டக்டர் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு மேலே வந்தார். கார் பாலத்துக்கு இருபது அடி முன்னால் நின்றிருந்தது. இடது முன் சக்கரம் ரோட்டில் இல்லை, புல்லில் இருந்தது. புல்லுக்கு அடுத்து, எட்டடிக்குக் கீழே தேயிலைச் செடிகளின் தலை. பின் இருக்கையில் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சரோஜாக்கா நிமிர்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் கதவைத் திறக்கக் கை வைத்தார்.

"அக்கா, அந்தப் பக்கம் எறங்காதீங்க" என்றான் செல்வம். அவன் குரல் அவனுடையது போலவே இல்லை. என்னைப் பார்த்ததும், "ரோடு தெரியல அண்ணே. எல்லாம் வெள்ளையா இருக்கு. தலைய வெளிய நீட்டிக்கிட்டு வந்தேன். ஒரு கட்டத்துல லைட்ட அணைச்சுட்டு ஓட்டிப் பாக்கலாமான்னுகூட நெனச்சேன்."

நான் காருக்கு முன்னால் குனிந்தேன். விளக்கில் ராஜேஸ்வரி வைத்த குங்குமம் மூடத்தின் ஈரத்தில் கரைந்து கண்ணாடியில் சிவப்பாக வழிந்திருந்தது. துவாயால் துடைத்தேன். அங்கே சுவரும் இல்லை, கோடும் இல்லை. சரியான அளவைத் தேட நான் போகவில்லை. கண்டக்டரைப் பத்து அடி தள்ளி நிற்கச் சொல்லி, வெளிச்சம் அவர் செருப்பில் விழும் வரை இரண்டு விளக்கையும் இறக்கினேன். அவ்வளவு தாழ்த்தினால் வேகமாக ஓட்ட முடியாது. அன்றைக்கு யாரும் வேகமாக ஓட்டத் தேவையில்லை.

செல்வம் மெல்லப் பின்னால் எடுத்துச் சக்கரத்தை ரோட்டுக்குக் கொண்டுவந்தான். கண்டக்டர் முன்னால் நடந்து, அகலமான இடத்தில் ஒதுங்கி நின்ற பஸ்ஸைத் தாண்டும் வரை வழிகாட்டினார். செல்வம் முன் கதவைத் திறந்து, "நீங்களும் ஏறுங்க அண்ணே" என்றான். ஏறினேன். நான் பூட்டிய விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்து மூடத்துக்குள் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. பத்தடி ரோடு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு பத்தடி ரோடு.

கொஞ்ச தூரம் போனதும் செல்வம் சொன்னான். "அந்த நானா குடுத்த லைட்டுதான் கோளாறு அண்ணே. பழைய சாமான நம்பவே கூடாது. நாளைக்குப் போயி அவரக் கேக்குறேன்."

பாருங்கள், யாரும் கேட்காமலே ஒரு வழி திறந்து கிடந்தது. நான் தலையை ஆட்டினால் போதும், பழி ஹட்டனுக்குப் போய்விடும். நானா இங்கே இல்லை. விளக்கு தவறு என்று சொன்னால் மறுத்துப் பேச விளக்குக்கு வாய் இல்லை. ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவும் போனது. படிகளில் இறங்கியபோது இருந்த பயத்துக்கும் இந்தப் பயத்துக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

"நானா லைட்டு நல்ல லைட்டு" என்றேன். "முத்தத்துக்குக் கிரவல் போட்டேன்ல, அது ஒசந்து போச்சு. கார் சரிஞ்சு நின்னிருக்கு. நான் பாக்கல. ரெண்டு லைட்டையும் நான்தான் மேல ஏத்தி விட்டேன். வலது பக்கம் சரியாத்தான் இருந்துச்சு, அதையும் கெடுத்தேன்."

செல்வம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னாலிருந்து சரோஜாக்காதான் பேசினார், மூச்சுக்கு நடுவில், துண்டு துண்டாக.

"பாசு, இத... ஆஸ்பத்திரியில... எறங்குன பொறகு... சொல்லியிருக்கலாம்ல."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவரை உள்ளே கொண்டுபோய் ஒட்சிசன் வைத்தார்கள். இரவு ஏழு மணிக்கெல்லாம் மூச்சு சீராகிவிட்டது என்று மருமகள் வந்து சொன்னாள். செல்வம் என்னைக் கொண்டுவந்து வீட்டில் விட்டான். நான் இறங்கியதும் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வழி முழுக்க நான் சொளகைப் பற்றியோ, சொளகு காலியாக இருந்ததைப் பற்றியோ வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் கிரவலை வெட்டி அள்ளினேன். மேசனைக் கூப்பிட்டுத் தண்ணீர்க் குழாயால் முற்றம் முழுக்க மட்டம் பார்த்தேன். சுவரிலிருந்த நீலக் கோட்டைச் சுரண்டி எடுத்தேன், ஒவ்வொரு காருக்கும் புதிதாக அளந்து சோக்கால் கோடு போடுவதென்று முடிவு செய்தேன். ஹட்டனுக்குப் போய் நானாவிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர், "நான் ஒண்ணும் கேக்கலியே பாசு, டீ குடிங்க" என்றார்.

ஆனால் செல்வம் வரவில்லை. விளக்கின் உயரத்தை டவுனில் வேறு கராஜில் பார்த்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அவன் கார் சரோஜாக்காவை ஏற்றிக்கொண்டு என் வீட்டுப் பாதை பிரியும் வளைவைத் தாண்டும். சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். அது மறுபடி திரும்பி மேலே ஏறும் வரை நான் வேறு வேலையில் கை வைக்கமாட்டேன். ராஜேஸ்வரி அதைக் கவனித்தாள், கேலி செய்யவில்லை.

தொழிலுக்கு வந்திருப்பவர்களே, போல்ட்டை எண்ணுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணிப் பழகிய சாமானை மட்டும் எண்ணிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். இரண்டு வேறு வேறு சாமான் ஒரே மாதிரிப் பிழை காட்டினால், அவற்றை விட்டுவிட்டு, அவை நிற்கும் தரையைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, பிழை தெரிந்த பிறகு ரசமட்டத்தைத் தேடிக்கொண்டு பத்து நிமிடம் நிற்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் யாருக்கும் கணக்குக் காட்டவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை நேரம், அந்தக் கார் வளைவைத் தாண்டாமல் என் முற்றத்துக்குத் திரும்பியது. செல்வம் இறங்கினான். வலது விளக்கை இறுக்கும் போல்ட் ஒன்று தளர்ந்து சத்தம் போடுகிறது என்றான். நான் சொளகை எடுக்க உள்ளே போகத் திரும்பினேன்.

அவன் காரின் பக்கம் போகவில்லை. வாசலில் இருந்த வாளியிலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் மொண்டு, முற்றத்தின் நடுவில் ஊற்றினான். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் கொஞ்சம் பரவியது. சுவர்ப் பக்கமும் போகவில்லை, கான் பக்கமும் போகவில்லை. அவன் கோப்பையைக் கழுவி இருந்த இடத்தில் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சரி அண்ணே, கழட்டுங்க" என்றான்.